விந்தணு 9 மில்லியன், மனைவிக்கு ஏ.எம்.எச். 1.1: நேராக ஐ.வி.எஃப். தானா?

வழிப்போக்கன்36 கேட்டது:

வணக்கம். எனக்கு 36, மனைவிக்கு 32. குழந்தைக்காக முயற்சி செய்யத் தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் பரிசோதனை எல்லாம் அவளுக்குத்தான். ரத்தம், ஸ்கேன், கடைசியாகச் சாயம் செலுத்தி எடுக்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே. அன்று வலி தாங்காமல் துடித்துவிட்டாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் என் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள்.

என் ரிப்போர்ட்: அளவு 1.8 மி.லி., எண்ணிக்கை ஒரு மி.லி.க்கு 9 மில்லியன், முன்னோக்கி நகர்பவை 24 சதவீதம், இயல்பான வடிவம் 2 சதவீதம். கீழே தடித்த எழுத்தில் 'ஒலிகோ அஸ்தெனோ டெரட்டோ' என்று ஏதோ போட்டிருந்தது.

அவளுடையது: முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். 1.1. தைராய்டு, புரோலாக்டின் சரியாக இருக்கின்றன. வலது கருக்குழாய் கருப்பையை ஒட்டிய இடத்திலேயே அடைப்பு, இடது பக்கம் திறந்திருக்கிறது. மாதவிலக்கு 34, 35 நாளுக்கு ஒருமுறை, பெரிதாக மாறாது. 21-ஆம் நாள் எடுத்த புரொஜெஸ்டெரோன் குறைவு, அதனால் முட்டை வெளிவரவில்லை என்றார்கள்.

மருத்துவர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, 'ஐ.வி.எஃப். போய்விடலாம், இக்சி செய்துகொள்ளலாம்' என்றார். உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கும் சோதனைக்குழாய் முறைதான் அது. யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

பிரச்சினை யாரிடம், என்னிடமா? 2 சதவீதம் வடிவம் என்றால் பிறக்கிற குழந்தைக்கு ஏதாவது குறை இருக்குமா? ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர் டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டால் உயிரணு ஏறும் என்கிறார், போடலாமா?

இன்னொன்று, இதை வேறு எங்கும் சொல்ல முடியாது. என் ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. அதைப் பார்த்தால் எனக்கு வருவது கோபமா வருத்தமா என்று எனக்கே புரியவில்லை.

அமைதிப்பூ:

டென்ஷன் ஆகாதீங்க சகோ. என் தோழி பல வருஷம் மருந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எல்லாத்தையும் விட்டுட்டாங்க. விட்ட உடனே தங்கிடுச்சு. மனசை லேசா வைங்க, தானா நடக்கும்.

ஆய்வகக்காரி:

தம்பி, நான் விந்துப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் 'லேப்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன், அதற்கு மேல் சொன்னால் பேச்சு நின்றுவிடும். மருத்துவர் இல்லை, அதனால் சிகிச்சை சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் உள்ள எண்கள் எப்படி வருகின்றன என்று சொல்கிறேன்.

சாம்பிளை எங்கே எடுத்தீர்கள்? வீட்டிலா, லேபிலா? முதல் சொட்டுகள் வெளியே சிந்தினவா? கொஞ்சம்தானே போச்சு, மீதி இருக்கே என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விந்தணுக்களில் பெரும்பகுதி வருவது அந்த முதல் பகுதியில்தான். பின்னால் வருவது பெரும்பாலும் சுரப்பிகளின் நீர். முதல் பகுதி போய்விட்டால் நான் எண்ணுகிற எண்ணுக்கு மதிப்பே இல்லை. கடந்த மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல் ஏதாவது வந்ததா? அதையும் சொல்லுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அது வெளியே வரும் பாதையைக் கடக்க இன்னும் சில நாள். இன்று டப்பாவில் இருப்பது இரண்டரை மூன்று மாதத்துக்கு முன் உங்கள் உடம்பு தொடங்கிய வேலை. அப்போது வந்த காய்ச்சல் இப்போது எண்ணிக்கையில் தெரியும்.

அடுத்து, ரிப்போர்ட்டின் ஓரத்தில் போட்டிருக்கும் அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டில் கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நகர்பவை 30 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இவை எப்படி வந்தன தெரியுமா? மனைவி ஒரு வருடத்துக்குள் கருவுற்ற ஆண்களின் சாம்பிள்களை வரிசைப்படுத்தி, அடியில் உள்ள 5 சதவீதத்தை வெட்டிய இடத்தில் போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே விழுந்த அந்த 5 சதவீதம் பேரும் அப்பா ஆனவர்கள்தான். பரீட்சையில் 35 எடுத்தால் பாஸ் என்பது மாதிரி அதை வாசிக்கவே கூடாது. கோட்டுக்கு மேலே இருந்தால் குழந்தை உறுதி என்றும் இல்லை. உங்கள் தாளில் இருந்த 'ஒலிகோ அஸ்தெனோ டெரட்டோ' என்பது எண்ணிக்கை, நகர்வு, வடிவம் மூன்றும் அந்தக் கோட்டுக்குக் கீழே என்பதற்கான பெயர், அவ்வளவுதான்.

வடிவம் பற்றிய பயத்தை இப்போதே விட்டுவிடுங்கள். தலை, கழுத்து, வால் என்று ஒவ்வொன்றையும் அளந்து, துளி பிசகினாலும் 'இயல்பு இல்லை' என்ற பக்கத்தில் போட்டுவிடுவோம். அவ்வளவு கறாரான கணக்கு. எந்தக் குறையும் இல்லாத ஆணுக்கே பெரும்பாலும் நூற்றில் எண்பதுக்கு மேல் இயல்பு இல்லை என்றுதான் வரும். தலை கொஞ்சம் நீண்ட விந்தணுவால் தலை நீண்ட குழந்தை பிறப்பதில்லை. ஒரே சாம்பிளை இரண்டு பேர் பார்த்தால் அதிகம் வேறுபடுவதும் இந்த எண்தான். ரிப்போர்ட்டில் நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான்.

முதலில் பார்ப்பது பெருக்குத்தொகை. அளவு 1.8, எண்ணிக்கை 9, பெருக்கினால் 16.2 மில்லியன். அதில் 24 சதவீதம் என்றால் சுமார் 3.9 மில்லியன், அதாவது 39 லட்சம். முன்னோக்கி நீந்துகிற மொத்த விந்தணு அவ்வளவு. இது குறைவுதான், மழுப்ப மாட்டேன். விந்தைக் கழுவிக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ.யில் இது 50 லட்சத்துக்குக் கீழே போனால் வாய்ப்பு சுருங்கும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மருத்துவர் அந்தக் கணக்கில்தான் இக்சி என்றிருப்பார். ஒரு விந்தணுவை ஊசியால் எடுத்து ஒரு முட்டைக்குள் நேராகச் செலுத்துவது அது. 1992-இல் பெல்ஜியத்தில் அதன் வழியாகக் கிடைத்த முதல் கர்ப்பங்களைப் பற்றி எழுதினார்கள். அதற்கு முன் உங்களைவிடக் குறைந்த எண்ணிக்கை உள்ளவர்களுக்குச் சொல்லப் பெரிதாக எதுவும் இருந்ததில்லை.

ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுப்பது எனக்குப் பிடிக்காது. ஒரே ஆளின் சாம்பிள் ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் எவ்வளவு மாறும் என்று தினமும் பார்க்கிறேன். சரியாக இல்லை என்றால் இன்னொரு முறை கொடுத்துப் பார்க்க வேண்டும், குறைந்தது ஒரு மாத இடைவெளியாவது விட்டு.

டெஸ்டோஸ்டெரோன் ஊசி: வேண்டவே வேண்டாம். விதைகளுக்கு வேலை சொல்வது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. வெளியிலிருந்து ஊசியிலோ ஜெல்லிலோ ஹார்மோன் உள்ளே வந்தால், தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது போல, அது ஆணை அனுப்புவதை நிறுத்திவிடும். உடம்பு முறுக்கேறும், விந்தணு குறையும், பூஜ்யம் வரைக்கும் போகும். ஆண்களுக்கான கருத்தடையாகவே இதை உலக சுகாதார நிறுவனம் சோதித்தது, முடிவுகள் 1990-இல் வெளிவந்தன. இப்போது புரிகிறதா, உங்கள் பயிற்சியாளர் எதைப் பரிந்துரைக்கிறார் என்று? நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேல். நல்ல தோளோடு வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போன பையன்களின் சாம்பிளில் ஒன்றுகூட இல்லாமல் மூலை மூலையாகத் தேடியிருக்கிறேன்.

'என்னிடமா' என்று கேட்டீர்கள். குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்தில் ஏதாவது ஒன்று இருக்கும், அதில் பலருக்கு இரண்டு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். உங்களுடையது அந்த ரகம் போலத்தான் தெரிகிறது. இதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தமில்லை. விந்தில் விந்தணுவின் பங்கு சில சதவீதம்தான், மற்றது நீர். கெட்டியாக இருக்கிற சாம்பிளில் ஒன்றும் இல்லாமலும், தண்ணீர் மாதிரி இருப்பதில் நீந்தி மொய்ப்பதும் எங்களுக்குச் சகஜம்.

அவர் முகத்து நிம்மதியைப் பற்றி ஒன்று. டப்பாவில் கொடுக்கிற பரிசோதனைக்கு ஊசி இல்லை, வலி இல்லை. அதை முதலில் செய்யாமல் பெண்ணைச் சாய எக்ஸ்ரே வரை கொண்டுபோன பிறகு ஆணைக் கூப்பிடுவது எனக்குப் புரிந்ததே இல்லை. உங்கள் மேல் தப்புச் சொல்லவில்லை, உங்களை முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் 'நான்தான் காரணம்' என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு நிம்மதி வராமல் வேறு என்ன வரும்?

மீனாட்சி_பி:

ஆய்வகக்காரி அக்கா சொன்னது ஆண் பக்கம். நான் இந்த மருத்துவமனை வரிசைகளில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவள், என் ஏ.எம்.எச். உங்கள் மனைவியுடையதைவிடக் குறைவு. அதனால் அவர் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அமைதிப்பூவுக்கு: கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அந்த 'விட்டதும் தங்கிவிட்டது' கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். நூறு தம்பதிகளில் எண்பதுக்கு மேல் முதல் வருடத்தில் கருவுறுவார்கள், மிச்சம் இருப்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இரண்டாம் வருடத்தில். மருந்தை விட்டாலும் விடாவிட்டாலும் அந்தப் பாதி கருவுறும். அடுத்த பாதி மனதை எவ்வளவு லேசாக வைத்தாலும் அடைபட்ட குழாய் திறக்காது. 'நீ டென்ஷன் ஆகிறாய், அதனால்தான்' என்று கேட்டுக் கேட்டு டென்ஷன் ஆனவள் நான்.

சகோ, உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த 21-ஆம் நாள் ரத்தம். புரொஜெஸ்டெரோன் முட்டை வெளிவந்த பிறகு ஏறும் ஹார்மோன், அதை அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்னால் பார்க்க வேண்டும். 28 நாள் சுழற்சிக்குத்தான் அது 21-ஆம் நாள். உங்கள் மனைவிக்கு 35 நாள். அவருக்கு முட்டை வெளிவருவதே 21-ஆம் நாளை ஒட்டித்தான் இருக்கும், அன்று ரத்தம் எடுத்தால் குறைவாகத்தான் காட்டும். 27, 28-ஆம் நாளில் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிலக்கு மாதாமாதம் ஒரே இடைவெளியில் வருகிறது என்றால் முட்டை பெரும்பாலும் வந்துகொண்டுதான் இருக்கும்.

இதிலேயே இன்னொன்று. 14-ஆம் நாளைக் குறி வைத்து முயற்சி செய்கிறீர்களா? போனில் இருக்கும் சில செயலிகள் எல்லாருக்கும் அதையேதான் காட்டும். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் கருவுறக்கூடிய நாட்கள். வெளிவந்த முட்டைக்கு ஒரு நாள்கூட ஆயுள் இல்லை, விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாங்கும், அதனால் முந்திய நாட்கள்தான் முக்கியம். 35 நாள் சுழற்சிக்கு 14-ஆம் நாள் ரொம்ப முன்னால். நாள் பார்ப்பதைவிட, மாதவிலக்கு முடிந்ததிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் போதும். குறித்த நாளில் குறித்த நேரத்தில் என்று ஆகிவிட்டால் அது வேறு பிரச்சினைகளைக் கொண்டுவரும், அனுபவம்.

அடுத்து ஏ.எம்.எச். பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. பூப்படையும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். வாழ்நாளில் மாதம் ஒன்றாக வெளிவருவது நானூறு சொச்சம்தான், மற்றவை தானாகக் கரைகின்றன. ஏ.எம்.எச். காட்டுவது கையிருப்பு எவ்வளவு என்பதை. ஐ.வி.எஃப். ஊசிக்கு எத்தனை முட்டை வரும் என்று கணிக்க அது உதவும். முட்டையின் தரத்தை அது சொல்லாது, தரம் பெரும்பாலும் வயதோடு போகிற விஷயம். 2017-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது: 30 முதல் 44 வயது வரை, குழந்தையின்மைப் பிரச்சினை இல்லாத பெண்கள். ஏ.எம்.எச். குறைந்தவர்களும் மற்றவர்களும் இயற்கையாகக் கருவுற்றதில் பெரிய வேறுபாடு இல்லை. உங்கள் மனைவிக்கு 32. அந்த 1.1-ஐப் பார்த்து நாளைக்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் இன்னும் நாலு வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதற்கும் இடமில்லை.

வலது குழாய் பற்றி. கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு என்று வருவது சில நேரம் அடைப்பே இல்லை. சாயம் ஏறும் நேரத்தில் அந்தத் தசை இறுகிக்கொண்டாலும் படத்தில் அப்படித்தான் தெரியும். அவர் வலியில் துடித்தார் என்கிறீர்களே, அதனால் இதை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். உண்மையான அடைப்பாகவே இருந்தாலும் இடது பக்கம் திறந்திருக்கிறது. வலது சினைப்பையிலிருந்து வந்த முட்டையை இடது குழாய் எடுத்துக்கொள்வதும் நடக்கிற விஷயம்தான். குழாயின் வெளிமுனை அடைபட்டு நீர் கோத்து வீங்கியிருந்தால் அது வேறு கதை, ஐ.வி.எஃப். வெற்றியையே அது கெடுக்கும், முதலில் அதைச் சரி செய்யச் சொல்வார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி இல்லை போலிருக்கிறது.

வழிப்போக்கன்36:

இரண்டு பேருக்கும் நன்றி. மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். 14-ஆம் நாள் விஷயத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தச் செயலியை உடனே அழித்துவிட்டாள்.

அக்கா, சாம்பிள் வீட்டில் எடுத்தது. சிந்தவில்லை. ஆனால் லேபுக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, காரில் ஏ.சி. முகப்பிலேயே வைத்துக்கொண்டு போனேன். கெட்டுப்போகக் கூடாதே என்றுதான். காய்ச்சல் எதுவும் இல்லை. யாரும் என்னை உடம்பைத் தொட்டுப் பரிசோதித்ததில்லை. ரொம்ப நேரம் நின்றால் இடது பக்க விதையில் இழுப்பது மாதிரி ஒரு வலி வரும், அதை நான் எங்கேயும் சொல்லவும் இல்லை.

ஆய்வகக்காரி:

ஏ.சி.யில் வைத்ததற்காக யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை, பாதிப் பேர் அப்படித்தான் கொண்டுவருகிறார்கள். அதை உடம்போடு ஒட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வர வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வந்தால் நல்லது, ஒரு மணியைத் தாண்டக் கூடாது. குளிரும் தாமதமும் நீந்துவதைக் குறைக்கும். அதனால் உங்கள் 24 சதவீதத்தை நான் நம்பவில்லை. ஆனால் 9 மில்லியனை நம்புகிறேன். செத்த விந்தணுவும் எண்ணிக்கையில் வரும், குளிரில் அது காணாமல் போகாது. அடுத்த முறை லேபிலேயே கொடுங்கள். எச்சில், எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் படக் கூடாது.

அந்த இடது பக்க வலியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விதைக்கு மேலே இருக்கும் ரத்த நாளங்கள் புடைத்துச் சுருண்டுகொள்வதை வேரிகோசீல் என்பார்கள். இடது பக்கத்து நாளம் சிறுநீரக நாளத்தில் செங்குத்தாகப் போய்ச் சேருவதால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். ஆண்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு இது இருக்கிறது, பலருக்கு ஒரு தொந்தரவும் தராது. குழந்தை தாமதம் என்று வரும் ஆண்களில் இது நூற்றுக்கு முப்பத்தைந்து நாற்பது பேர் வரை போகும். விதைகள் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டியவை, அங்கே சூடான ரத்தம் தேங்கினால் உற்பத்தி குறையும் என்பது இதற்குச் சொல்லும் முக்கியமான காரணம். சிறுநீர், ஆண் உறுப்புப் பிரச்சினைகளைப் பார்க்கும் யூராலஜி மருத்துவர் உங்களை நிற்க வைத்துக் கையால் பார்த்தே சொல்லிவிடுவார். கூடவே காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டெரோன், பிட்யூட்டரி விதைகளுக்கு அனுப்பும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் எழுதுவார்.

அது வேரிகோசீலாகவே இருந்து சரிசெய்தால் பலருக்கு எண்ணிக்கை ஏறும், ஆனால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அந்த மாதங்களைக் காத்திருப்பதா, நேராக இக்சிக்குப் போவதா என்பதை மனைவியின் வயதையும் 1.1-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். இரண்டு மருத்துவரும் ஒருவர் ரிப்போர்ட்டை ஒருவர் பார்க்கும்படி செய்யுங்கள். பெண் மருத்துவரிடம் அவர் தனியாக, யூராலஜிஸ்டிடம் நீங்கள் தனியாகப் போய் வந்தால் இதை யாருமே முடிவு செய்ய மாட்டார்கள்.

வழிப்போக்கன்36:

யூராலஜிக்கு நேரம் வாங்கிவிட்டேன், அவளும் வருகிறாள். கடைசியாக ஒன்று அக்கா. அடுத்த சாம்பிளுக்கு முன்னால் பத்துப் பதினைந்து நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடுமா?

ஆய்வகக்காரி:

எண்ணிக்கை கூடும், ஆனால் பழையது தேங்கி நீந்துவது குறையும், மரபணுச் சேதமும் கூடும். இரண்டு முதல் ஏழு நாள் என்பதுதான் விதி. போன முறை எத்தனை நாள் விட்டீர்களோ அதே அளவு விட்டுக் கொடுங்கள், அப்போதுதான் இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட முடியும். படிவத்தில் அந்த நாள் கணக்கைக் கேட்பார்கள், குத்துமதிப்பாக எழுதாமல் உள்ளதை எழுதுங்கள்.